கலமேறிய பரிகள்

மூஸ் துறையில் ஒருநாள் ஓர் ஆட்டைப் படகில் ஏற்ற இருவர் அரும்பாடு பட்டதைக் கண்டேன். இழுக்க இழுக்க அது காலை ஊன்றிப் பின்வாங்கியது. ஓர் ஆட்டுக்கே இப்பாடு எனின், ஆயிரக்கணக்கான புரவிகளைக் கலமேற்றித் தமிழகத்துக்குக் கொணர்ந்தோர் என் செய்தனரோ என்னும் வினா அன்று எழுந்தது.

காவிரிப்பூம்பட்டினத்துக்குக் குதிரைகள் கடல்வழியே வந்தமையைப் பட்டினப்பாலை உரைக்கிறது. பாண்டியனுக்குப் பரி வாங்கச் சென்ற மணிவாசகரின் வரலாறு நம் இல்லந்தோறும் அறிந்ததே. அங்கே நரிகள் பரிகளாயின. அவற்றுக்குக் கலம் வேண்டியிருக்கவில்லை!

ஏனையவற்றின் நிலை வேறு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஓர்முஸ் துறைக் கலங்களைக் கண்டு அஞ்சினார். இரும்பாணி இன்றித் தென்னை நாரால் தைக்கப்பட்ட அவற்றில் மேல்தளம் கிடையாது. சரக்கின்மேல் தோலைப் பரப்பி, அத்தோலின்மீதே குதிரைகளை நிறுத்தினர். குதிரைக்கு வாந்தி எடுக்கும் இயல்பு இல்லை. அலையில் உண்டாகும் குமட்டலையும் அச்சத்தையும் உள்ளேயே அடக்கிக்கொண்டு அது நின்றாக வேண்டும்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் தரும் செய்தி இன்னும் வியப்புக்குரியது. கீஷ் தீவின் வணிகர் தலைவர் ஜமாலுத்தீன், ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப உடன்படிக்கை செய்திருந்தார். குதிரை ஒன்றுக்கு 220 பொற்காசு விலை. வழியில் இறந்தவற்றுக்கும் பாண்டியன் கருவூலமே விலை கொடுத்தது! இறந்த பரிக்கும் பொன் கிடைக்குமெனின், உயிருள்ள பரியை அமைதியாகக் கொணர வணிகனுக்கு என்ன அக்கறை இருக்கும்? குதிரை மருத்துவர் இங்கு வராதபடி வணிகர்களே தடுத்தனர் என்று போலோ எழுதுவதையும் இதனோடு சேர்த்து எண்ணுக. பரிக்குப் பொன் கொட்டிய நம் மன்னர்கள், அதைப் பேணும் கலைக்குச் சிறுபொருளும் ஒதுக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அக்கலை கடினமானதன்று; பொறுமையை மட்டும் கேட்பது. இந்நாளில் குதிரையை டிரெய்லர் வண்டியில் ஏற்றப் பழக்குவோர் அதன் கண்ணிலிருந்து தொடங்குகின்றனர். வெளிச்சத்திலிருந்து இருளுக்குப் பழக அக்கண்ணுக்கு நேரம் பிடிக்கும். தன் மூக்கின் கீழும் வாலின் பின்னும் உள்ளதை அது காணாது. கால்பட்டதும் அதிரும் பலகை அதற்குப் பொறியாகவே படும். ஆதலின் வண்டியின் முன் அதை நிறுத்தி, முகர விடுவர். ஓரடி வைத்ததும் கயிற்றைத் தளர்த்துவர். அத்தளர்வே அதற்குப் பரிசு. பின்னிறங்க விரும்பினால் இறங்க விடுவர். திரும்பும் வழி அடைபடவில்லை என அறிந்த குதிரை, மறுமுறை இரண்டடி வைக்கும். பல நாள் இவ்வாறு சென்றபின்னரே கதவை மூடுவர்.

மூஸ் துறையிலும் இறுதியில் இதுவே நிகழ்ந்தது. ஒரு நிக்கோபாரிப் பெரியவர் கயிற்றை வாங்கித் தளர்த்தினார்; ஒரு பிடி தழையுடன் படகில் போய் அமர்ந்து, கடலைப் பார்த்தவாறு இருந்தார். ஆட்டை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. கப்பல் சங்கு ஊதுமுன் அது அவர் அருகே நின்று தழை தின்றுகொண்டிருந்தது.