இரண்டு சாட்சிகள்

ரோமானியச் சிற்பத்தைச் சரித்திர ஆதாரமாக எடுத்துக்கொள்பவர்கள் ஒரு கேள்வியைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறார்கள். நன்றாகச் செதுக்கப்பட்டிருப்பதாலேயே ஒரு கல் உண்மை சொல்லிவிடுமா?

இதைச் சோதிக்க, ஒரே சக்கரவர்த்தியின் டேஸிய யுத்தங்களுக்கு (கி.பி. 101–102, 105–106) இரு சாட்சிகள் உண்டு. ஒன்று, ரோமில் 113இல் திறக்கப்பட்ட டிராஜன் தூண்; சுமார் 2,500 உருவங்கள் அதில் சுருளாக மேலேறுகின்றன. மற்றது, இன்றைய ருமேனியாவிலுள்ள ஆடம்கிளிஸியில் 109இல் எழுந்த வெற்றிச் சின்னம். முன்னதில் தேர்ந்த கை. பின்னதில் கட்டை குட்டையான உருவங்கள், பயிற்சி போதாத உளி.

தூணில் லீஜன் வீரர்களுக்குப் பட்டைத் தகட்டுக் கவசம், துணைப்படையினருக்கு வளையச் சட்டை. பாகுபாடு அத்தனை சுத்தம். ஆடம்கிளிஸியிலோ லீஜன் வீரர்களே வளையச் சட்டையும் செதில் கவசமும் அணிந்து, வலது கையில் தகட்டுக் கைக்கவசமும் பூட்டியிருக்கிறார்கள். எதிரே டேஸியன் இரு கைகளாலும் வளைவாளை ஓங்கும்போது அதன் அவசியம் புரிகிறது. தூணின் லீஜன் வீரர்களிடம் அந்தக் கைக்கவசம் இல்லை. ஆனால் 2001இல் இங்கிலாந்தின் கார்லைலில், ரோமானியக் கோட்டை அகழ்வில், அத்தகைய இரும்புக் கைக்கவசமே கிடைத்தது.

தூண் பொய் சொல்கிறது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. உயரத்தில் இருப்பவர்களுள் குடியுரிமை பெற்ற வீரன் யார், பெறாதவன் யார் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். அங்கே கவசம் ஓர் அடையாளக் குறி. அந்தக் குறியைத்தான் ஹாலிவுட் ரோமானியச் சிப்பாய் என்று நமக்குப் பழக்கிவிட்டது.

முரட்டுக் கல்தான் நிஜம் என்ற எதிர்மூடநம்பிக்கையும் வேண்டாம். டேஸிய மன்னன் டெசெபாலஸ் பிடிபடும் தறுவாயில் தற்கொலை செய்துகொள்வதைத் தூண் காட்டுகிறது. அவன் தலையை டிராஜனிடம் கொண்டுசேர்த்ததாகச் சொல்லும் குதிரைப்படை வீரன் ஒருவனின் கல்லறைக்கல் 1965இல் கிரேக்கத்தில், பிலிப்பிக்கு அருகே அகப்பட்டது. அதிலும் வாள் கைநழுவ மன்னன் சாய்கிறான். இங்கே தூண் நல்ல சாட்சியே.

ஆகவே ஒரு சிற்பம் மொத்தமாக நம்பத்தக்கதா என்று கேட்பதில் பயனில்லை. இந்த விவரத்தை மாற்றிச் சொல்வதில் அதைச் செய்வித்தவனுக்கு என்ன லாபம் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்ட பிறகும் ஒரு குறை தீராது. தூண், சின்னம், கல்லறைக்கல் மூன்றும் ஜெயித்தவன் தரப்பு. இந்த யுத்தத்தை டேஸியர் செதுக்கிய கல் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை.