ஐசோட்ரெட்டினாயின்

ஐசோட்ரெட்டினாயின் என்பது கடும் முகப்பருவுக்கு மருத்துவர் சீட்டின்பேரில் மட்டுமே விற்க வேண்டிய மாத்திரை. வைட்டமின் ஏ-யின் வழிவந்த வேதிப்பொருள். அமெரிக்காவில் 1982-இல் ரோஷ் நிறுவனத்தின் அக்யூடேன் என்னும் பெயரில் இதற்கு அனுமதி கிடைத்தது. இந்தியாவில் பல நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன. முடிச்சு முடிச்சாகக் கட்டி, சீழ் வைத்து, ஆறியபின் முகத்தில் பள்ளம் விழச்செய்யும் பருவுக்கும், பிற மருந்துகளுக்கு அடங்காத பருவுக்கும் உரியது இது. பதின்வயதில் வந்துபோகும் சாதாரணப் பருவுக்கு வேண்டியதில்லை.

தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளை இது சுருக்குகிறது. மயிர்க்கால்களின் வாய் அடைபடுவதையும் குறைக்கிறது. வழக்கமான அளவு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.5 முதல் 1 மி.கி. வரை. மொத்தமாகக் கிலோவுக்கு 120 முதல் 150 மி.கி. சேரும்வரை தருவதே மரபு. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 6,000 முதல் 7,500 மி.கி. ஆகும். மாதக்கணக்கில் நீளும் சிகிச்சை இது. கொழுப்புள்ள உணவோடு சாப்பிட்டால்தான் மருந்து உடலில் நன்றாகச் சேரும். காலையில் வெறும் டீயோடு விழுங்கினால் பாதி வீணாகலாம். முதல் சில வாரங்களில் பரு கூடுவதுண்டு. அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கருவுக்கு ஆபத்து

கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் இம்மருந்து உடலில் இருந்தால் குழந்தையின் காது, முகம், இதயம், மூளை ஆகியவை குறையுடன் உருவாகக்கூடும். சில நாட்கள் சாப்பிட்டிருந்தாலும் ஆபத்துதான். 1985-இல் லாமரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, மருந்து பட்ட 154 கர்ப்பங்களைக் கணக்கெடுத்தது. அவற்றில் 95 கருக்கலைப்பிலும் 12 தானாகக் கருச்சிதைந்தும் முடிந்தன; பிறந்த 47 குழந்தைகளில் 21 பேருக்குப் பெரிய பிறவிக் குறைபாடுகள் இருந்தன. அமெரிக்கா 2006 முதல் நோயாளி, மருத்துவர், மருந்துக்கடை மூவரையும் ஒரே பதிவேட்டில் கட்டிவைத்திருக்கிறது. இந்தியாவில் அத்தகைய கட்டாயப் பதிவேடு இல்லை. எனவே மருத்துவர் கேட்கும் கேள்விகளும் குடும்பத்தின் கவனமும்தான் இங்கே காவல்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் போன்ற கிராமப்புற வட்டாரங்களில் இந்த ஆபத்து கூர்மையாவது கல்யாணத்தை ஒட்டித்தான். நிச்சயம் முடிந்ததும், முகூர்த்தத்துக்குள் முகம் தெளிய வேண்டும் என்று பெண்ணை வைத்தியத்துக்கு அழைத்துச் செல்லும் வீடுகள் பல. கல்யாணமாகி முதல் மாதத்திலேயே ‘விசேஷம் உண்டா’ என்று கேட்பவர்களும் அதே வீட்டார்தான். மாத்திரை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, சாப்பிடும் காலம் முழுவதும், நிறுத்தியபின் ஒரு மாதம்வரை கர்ப்பம் கூடாது. ஆகவே வயதையும் எடையையும் போலவே கல்யாணத் தேதியையும் மருத்துவர் கேட்டறிய வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் முகூர்த்தம் என்றால் இம்மாத்திரையைத் தொடங்காமல், பூசும் மருந்துகளோடு சமாளிப்பதே நல்லது.

தொடங்குமுன் கர்ப்பப் பரிசோதனை செய்வதை, மணமாகாத பெண்ணின்மேல் சந்தேகமாகக் குடும்பத்தார் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது மருந்தின் விதி. இக்கேள்விகளைத் தாயோ மாமியாரோ அருகில் இல்லாதபோது தனியே கேட்பதுதான் அவளுக்குச் செய்யும் மரியாதை. மாத்திரை சாப்பிடும்போது நாள் தள்ளிப்போனால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடம் மறைக்காமல் சொல்லலாம்.

பிற எச்சரிக்கைகள்

உதடு வெடிப்பது ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். கண்ணும் மூக்கும் காயும். சிலருக்கு இருட்டில் பார்வை மங்கும்: ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் இரவு ஷிப்ட் முடித்து வண்டி ஓட்டி வருபவர்கள் இதை அலட்சியம் செய்யலாகாது. ரத்தக் கொழுப்பும் கல்லீரல் நொதிகளும் கூடுகின்றனவா என்பதைத் தொடக்கத்திலும் இடையிலும் ரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள். பருவுக்குத் தரும் ஆன்டிபயாட்டிக்கான டாக்ஸிசைக்கிளினையும் இதையும் சேர்த்துச் சாப்பிட்டால் மூளையைச் சுற்றிய அழுத்தம் உயரக்கூடும்; கடும் தலைவலியும் பார்வைக் கோளாறும் அதன் அறிகுறிகள். வைட்டமின் ஏ மாத்திரைகளும் கூடவே கூடாது. மனம் சோர்ந்து தூக்கம் கெட்டால் வீட்டார் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கடையில் கேட்டு வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்புகளால் பரு மோசமாகித் தோல் மெலிந்த நிலையில் மருத்துவரிடம் வருபவர்களும் உண்டு. 2018-இல் மத்திய அரசு இத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டு தேவைப்படும் எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. மருத்துவரை நாட உத்திரமேரூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. தோல் நிபுணரைப் பார்க்கக் காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகலாம். இரண்டும் ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவு. ஐசோட்ரெட்டினாயினுக்கு அந்தப் பயணம் தேவைதான்.

மாத்திரை எடுப்பவர், ஆணாயினும், அக்காலத்திலும் முடிந்து ஒரு மாதம்வரையிலும் ரத்ததானம் செய்யக் கூடாது. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம். மீந்த மாத்திரைகளைத் தங்கைக்கோ தோழிக்கோ கொடுப்பதும் இதே காரணத்தால் தவறு.