பரண் ஏன் அறையாகவில்லை?

சென்னை நந்தனத்தின் வயது அதன் பெயரிலேயே இருக்கிறது. 1952 ஏப்ரலில் பிறந்த நந்தன ஆண்டில் உருவான குடியிருப்பு என்பதால், அன்றைய முதலமைச்சர் ராஜாஜி இட்ட பெயர் அது. அப்போது நகரில் வீட்டுக்குப் பெரும் தட்டுப்பாடு. 1941-ல் 7.77 லட்சமாக இருந்த சென்னையின் மக்கள்தொகை 1951-ல் 14.16 லட்சமாயிற்று. நகர எல்லை விரிந்தது அதற்கு ஒரு காரணம். பிழைப்புத் தேடி வந்தவர்கள் இன்னொரு காரணம். இப்படி ஆள் பெருகியபோது ஐரோப்பிய நகரங்கள் கூரைக்கடியில் கிடந்த இடத்தை அறையாக்கின. பாரிஸில் வேலைக்காரர்கள் படுத்தது சரிவுக் கூரையின் அடியில்தான். சென்னைக்கும் பரண் தெரியாததல்ல. ஆனாலும் அதைக் குடியிருக்கும் அறையாக்கும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. அதற்கான காரணத்தைக் கூரையின் வரலாற்றில்தான் தேட வேண்டும்.

மயிலாப்பூரின் பழைய ஓட்டு வீடுகளில் சரிந்திறங்கும் கூரைக்கு அடியில் பலகை பாவிய மச்சு உண்டு. நெல், பித்தளைப் பாத்திரம், கொலு பொம்மை எல்லாம் ஏணி வழியே அங்கே ஏறும். ஓட்டுச் சூடும் புழுதியும் நிறைந்த அந்த இடத்தில் பொருளை வைக்கலாம், ஆளை வைக்க முடியாது. வசதி படைத்தவர்கள் அந்தக் கூரையையே விட்டு விலகினார்கள். அவர்கள் நாடியது ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று கட்டடக் கலைஞர்கள் இன்றும் இந்நகரின் பெயராலேயே அழைக்கும் தட்டையான தளம். தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவாட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடைசியாகத் தட்டோடு. பகல் வெயிலை உடனே கீழே விடாமல் பிடித்து வைப்பது இந்தத் தளத்தின் கனம்தான். பிடித்த சூட்டை இரவில் உள்ளே இறக்கும் என்பதும் உண்மை. கோடையில் பாயும் தலையணையுமாகக் குடும்பமே மாடிக்கு ஏறியதற்கு அதுவே காரணம். தளம் தட்டையானதும் கூரைக்கடியில் இருந்த முக்கோண இடம் மறைந்தது. கூரையே மிதித்து நடக்கும் தரையாயிற்று.

நந்தனத்தின் வீடுகள் கான்கிரீட் காலத்தில் எழுந்தவை. அவையும் இதே தட்டைத் தலையோடுதான் எழுந்தன. மச்சு சுருங்கி, கதவு நிலைக்கு மேலே இரண்டடி ஆழத்தில் நீட்டிய சிமெண்ட் பலகையாயிற்று. அதைத்தான் லாஃப்ட் என்கிறோம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு இதற்கு இடும் வரையறையே பொருள் வைக்கும் இடம் என்பதுதான், உயரமும் ஒன்றரை மீட்டருக்கு மிகக் கூடாது. குடியிருக்கும் அறைக்கோ 2.75 மீட்டர் வேண்டும். ஆக, பழைய பரணின் வேலை இரண்டாகப் பிரிந்தது: பொருள் லாஃப்டில் தங்கியது, ஆள் மொட்டை மாடிக்குப் போனார். அங்கே எழுந்த ஒற்றை அறையைத்தான் நம் ஊரின் பரண் அறை என்று நான் கருதுகிறேன். வீட்டுக்கு வெளியே தனியாக ஏறும் மாடிப்படியையும், தூண் தலையில் வெட்டாமல் விட்ட கம்பிகளையும் பார்த்தால், மேலே கட்டும் எண்ணம் அஸ்திவாரம் போடும்போதே இருந்தது தெரியும். படிக்கட்டின் மேல் மூடிய ஹெட்ரூம் சற்றே நீண்டாலும் போதும், ஒரு வாடகை அறை கிடைத்துவிடும்.

இது வெறும் விதிமீறல், இதற்கு வரலாறு ஒரு கேடா என்று கேட்கலாம். அனுமதியில்லாமல் எழுந்தவை ஏராளம் என்பதை மறுக்க முடியாது. 1998-ல் நகர ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவைச் சேர்த்து, கட்டணம் வாங்கிக்கொண்டு மீறல்களை வரன்முறைப்படுத்த அரசு முன்வந்ததே அந்தப் பெருக்கத்துக்குச் சாட்சி. ஆனால் மனைப்பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீடு, சாதாரணக் குடியிருப்புக்கு ஒன்றரையாக இருந்தது, 2019 விதிகளில் இரண்டாக உயர்ந்தது. நேற்று மீறலாக இருந்த பரப்பில் ஒரு பகுதி இன்று உரிமை. எல்லையே நகரும்போது, மாடி அறையை வீட்டுக்காரரின் பேராசைக் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமில்லை. மாதச் சம்பளக்காரருக்கும் கல்லூரி மாணவருக்கும் அண்ணா சாலையை ஒட்டி ஒரு முகவரி கிடைத்ததில் அந்த அறைக்குப் பெரும் பங்குண்டு.

வலுவான எதிர்வாதம் வெயிலைப் பற்றியது. அதை முழுதாக ஏற்கிறேன். மொட்டை மாடியில் ஓர் அறை எழுந்தால் கீழ்வீட்டுக்கு நிழல் கிடைக்கும், அதன் சூடு குறையும். அந்தச் சூட்டை மேலே இருப்பவர் தாங்குகிறார், வாடகையும் தருகிறார். கான்கிரீட் தளம் போட்டால் செலவு, நிரந்தரக் கட்டடமாகவும் ஆகிவிடும் என்றெண்ணி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோடு நிறுத்திய அறைகளில் சித்திரை மாதப் பகலைக் கழிப்பது தண்டனை. ஆனால் இது மேலே ஏறியதால் வந்த கேடன்று, ஏறும்போது எடுத்துப்போன கூரையால் வந்தது. மாடி கட்டினால் வெயிலைத் தடுக்க எத்தனை அங்குலம் சுண்ணாம்பும் செங்கல்லும் வேண்டும் என்று இந்த நகரத்துக் கொத்தனார்களுக்குத் தெரிந்திருந்தது. கீழ்த்தளத்துக்கு அத்தனை அடுக்குப் போட்டுவிட்டு, வெயில் நேரே இறங்கும் அறைக்குத்தான் விரலளவு தடிமன்கூட இல்லாத ஷீட்டைக் கொடுத்தோம்.