தலைமாட்டில் ஒரு நாற்காலி

1890 வாக்கில் பென்வெனிஸ்டி என்ற அம்மையார், தனக்கு வைத்தியம் பார்த்த வியன்னா டாக்டருக்கு நன்றிக்கடனாக ஒரு திவான் கொடுத்தார். டாக்டர், சிக்மண்ட் ஃப்ராய்டு. வெறும் திவானாகப் பார்த்தால் சாதாரணச் சாமான்தான். மேலே விரித்த காஷ்காய் பாரசீகக் கம்பளம்தான் அதற்குக் களை கொடுத்தது. பாதி படுத்தும் பாதி சாய்ந்தும் இருக்கத் தலையணைகள் அடுக்கியிருக்கும். குளிருக்குப் போர்த்திக்கொள்ளக் கால்மாட்டில் ஒரு போர்வை.

ஃப்ராய்டு உட்கார்ந்தது தலைமாட்டுக்குப் பின்னால், ஒரு பச்சை நாற்காலியில். படுத்திருக்கும் நோயாளியின் கண்ணில் அவர் படமாட்டார். ஹிப்னாடிசம் செய்த காலத்துப் பழக்கம் இது. ஹிப்னாடிசத்தைக் கைவிட்ட பிறகும் படுக்கவைப்பதை அவர் விடவில்லை. ஏன் என்று 1913இல் ஒளிக்காமல் எழுதினார்: தினம் எட்டு மணி நேரம் ஆட்கள் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது தாங்கவில்லை. (ஒரு மருத்துவ முறைக்குள் மருத்துவரின் கூச்சமும் புகுந்துகொள்கிறது!) தன் முகபாவத்தைப் பார்த்து நோயாளி பேச்சை மாற்றிக்கொள்ளக் கூடாது என்பது இன்னொரு காரணம். மனதில் வருவதை வடிகட்டாமல் சொல்லவேண்டும், அதுதான் இந்தப் பேச்சு சிகிச்சையின் விதி.

1900 அக்டோபரில் 18 வயதை எட்டவிருந்த பெண்ணொருத்தி வந்தாள். 'டோரா' என்று பெயர் மாற்றி ஃப்ராய்டு எழுதியது இவளைப் பற்றித்தான். குடும்ப நண்பர் ஒருவர் தன்னிடம் முறைதவறி நடந்ததாக அவள் சொன்னதை அப்பா ஏற்கவில்லை. ஃப்ராய்டு ஏற்றார், ஆனால் அந்த ஆள்மீது அவளுக்கே உள்ளூர ஆசை என்று விளக்கம் சொன்னார். பதினோரு வாரம் பொறுத்தாள். டிசம்பர் 31ஆம் தேதியோடு வருவதை நிறுத்திவிட்டாள். அந்தத் திவானின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

1938இல் ஆஸ்திரியாவுக்குள் நாஜிகள் நுழைந்தார்கள். மே மாதம் எட்மண்ட் எங்கல்மன் என்ற புகைப்படக்காரர், கெஸ்டபோவின் கண்ணில் படாதிருக்க ஃபிளாஷ் இல்லாமலே திவான் இருந்த அறையைப் படமெடுத்து வைத்தார். ஜூனில் ஃப்ராய்டு லண்டனுக்குப் போனார். திவானும் மற்றச் சாமான்களும் பின்னால் வந்து சேர்ந்தன. எது எங்கே இருந்ததென்று நினைவு வைத்திருந்த வேலைக்காரப் பெண் பவுலா ஃபிக்டல், புது வீட்டிலும் எல்லாவற்றையும் பழைய மாதிரியே அடுக்கிக்கொடுத்தார். மறுவருடம் செப்டம்பரில் ஃப்ராய்டு இறந்தார்.

திவான் அங்கேயே நின்றுவிட்டது. பேச்சு சிகிச்சை எழுந்து உட்கார்ந்துகொண்டது. பிலடெல்பியாவில் ஏரன் பெக் என்ற மனநல மருத்துவரும் முதலில் நோயாளிகளைப் படுக்கவைத்தவர்தான். ஒரு பெண் தன் அந்தரங்க அனுபவங்களைச் சொல்லச் சொல்லப் பதறினாள். சொல்லும் விஷயம்தான் காரணம் என்று பெக் நினைத்தார். கேட்டால், 'டாக்டருக்கு என் பேச்சு சலிக்கிறதோ' என்ற கவலையாம்! முகம் தெரியாத இடத்தில் இந்தச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? இப்படிச் சட்டென்று ஓடும் எண்ணங்களைப் பிடித்து, காகிதத்தில் எழுதி, அதற்கு ஆதாரம் உண்டா என்று இருவரும் சேர்ந்து பார்ப்பதுதான் இன்று சிபிடி (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை) எனப்படும் முறை. மருத்துவர் எதிரே உட்கார்ந்திருப்பார்.

2006இல் ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் நாற்காலியும் பெஞ்சாகிவிட்டது. டாக்டர் டிக்சன் சிபாண்டா, எம்பாரே பகுதியில் பதினான்கு பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வளாகத்து மர பெஞ்சில் உட்காரவைத்தார். அங்கே மனச்சோர்வு என்ற வார்த்தையே எழாது. ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்பார்கள், யோசித்து யோசித்து மாய்வது. 'மனநல பெஞ்ச்' என்றபோது கிட்டே வர ஆட்கள் தயங்கினார்கள். பெயரை மாற்றச் சொன்னவர்கள் பாட்டிகள். அது 'நட்பு பெஞ்ச்' ஆனது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இருக்கும் பிரச்சினைகளில் ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுவார்கள்.

ஃப்ராய்டின் லண்டன் வீடு 1986இல் அருங்காட்சியகமானது. 2013இல் திவான் நைந்துபோய், பழுதுபார்க்க 5,000 பவுண்டு வேண்டுமென்று பொதுமக்களிடம் கேட்டார்கள். இப்போது அதைப் பார்க்கலாம், படுக்க முடியாது. தலைமாட்டில் பச்சை நாற்காலி இருக்கிறது.