உத்தரவாதம் யாருக்கு? பொன்மலையும் டெட்ராய்ட்டும்

2008ஆம் ஆண்டு நவம்பரில், ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் ஆகிய மூன்று கார் கம்பெனிகளின் தலைவர்களும் தனித்தனி விமானங்களில் வாஷிங்டனுக்குப் பறந்துவந்து அமெரிக்க நாடாளுமன்றத்திடம் கடன் கேட்டார்கள். பிச்சையெடுக்க வருபவர் பல்லக்கில் வரலாமா என்று உலகமே நகைத்தது. ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் ஞாயிறுதோறும் கூடும் நமது சிறு வட்டத்திலும் அன்றைய மாலை கம்பராமாயணத்திலிருந்து விலகி இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நஷ்டப்பட்ட முதலாளிக்கு வரிப்பணத்தை எடுத்துக் கொடுப்பது எந்த ஊர் நியாயம் என்று ஒருவர் கொதித்தார். தொழிற்சங்கங்கள்தாம் அக்கம்பெனிகளைத் தின்று தீர்த்தன என்றார் இன்னொருவர். அதுவரை வாய் திறவாதிருந்த, இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், "நம்ம ஊருக்கு ரயில் வந்ததே அப்படித்தானே சார்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் நம்மை நெடுங்காலம் துரத்தியது. இக்கட்டுரை அதன் விளைவு.

திருச்சிராப்பள்ளிக்கு இருப்புப் பாதை வந்தது 1862இல். நாகப்பட்டினத்தில் தொடங்கித் தஞ்சை வழியாக அதை இட்டது கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா இரயில்வே என்னும் இலண்டன் கம்பெனி. அக்காலத்து இரயில் கம்பெனிகளுக்கு அரசு செய்துகொடுத்த ஏற்பாடு வியப்புக்குரியது. நிலம் 99 ஆண்டுகளுக்கு இலவசம். போட்ட முதலுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி உத்தரவாதம். இரயில் ஓடி நூற்றுக்கு மூன்றுதான் ஈட்டியது என்றால், குறைந்த இரண்டை இந்தியக் கருவூலம் ஈடுசெய்யும். கருவூலத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? காவிரிக் கரை மிராசுதார் கட்டிய கிஸ்தியிலிருந்தும், கூலிக்காரன் கஞ்சியில் இட்ட உப்பின் மீதான வரியிலிருந்தும்தான் வரும். 1872இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்த முன்னாள் நிதி உறுப்பினர் மாஸி, தம் பணத்தை ஹூக்ளி நதியில் கொட்டினாலும் சரி, செங்கல்லும் சுண்ணாம்புமாக மாற்றினாலும் சரி, ஐந்து சதவீதம் உறுதியாக இருக்கும்வரை ஆங்கில முதலீட்டாளருக்கு இரண்டும் ஒன்றே என்னும் பொருள்படப் பேசினார். நஷ்டம் வந்தபின் அரசிடம் ஓடுவது டெட்ராய்ட்டின் வழி. நஷ்டம் வருமுன்பே ஈட்டை எழுதி வாங்கிக்கொள்வது இலண்டனின் வழி. தாதபாய் நௌரோஜியும் ரமேஷ் சந்திர தத்தும் இதைப் பக்கம் பக்கமாக எழுதிக் கண்டித்திருக்கிறார்கள்.

இதில் ஒரு கிளைக்கதை. நாகப்பட்டினத்திலிருந்து நம் ஊர்வரை முதலில் போட்டது அகலப்பாதை. 1874இல் அக்கம்பெனி கர்நாடிக் இரயில்வேயுடன் இணைந்து தென்னிந்திய இரயில்வே ஆனபின், அதே தடத்தைக் குறுக்கி மீட்டர் பாதை ஆக்கினார்கள். ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டு கழித்து, நம் கண்முன்னே, திருச்சி–தஞ்சைத் தடத்தை மறுபடியும் அகலமாக்கினோம். ஹூக்ளியில் கொட்டிய பணம் என்பது வெறும் உவமை அன்று.

அந்தக் குறுக்கும் வேலை நடந்த ஆண்டுகளில்தான் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1877இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்காரரின் கூலியை, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்ற அளவுக்குக் குறைத்தார். சிக்கனம் வேண்டும் என்பது காரணம். இரயில் கம்பெனிக்குரிய வட்டியோ ஒப்பந்தக் கடன். பஞ்சம் வந்தாலும் கொடுத்தே தீரவேண்டியது. அரசின் கைக்கு எது கடமை, எது கருணை என்பதை இவ்விரு கணக்குகளும் அருகருகே வைத்துக் காட்டுகின்றன. இதனோடு வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியையும் சேர்த்து எண்ணிப் பார்க்கவேண்டும். 1906இல் பதிவான அக்கம்பெனிக்கு உத்தரவாதம் தர எவரும் இல்லை; எதிர்க் கம்பெனிக்கு அரசின் பரிவு இருந்தது; சிதம்பரனாருக்குச் சிறை கிடைத்தது.

1890–91இல் அரசே தென்னிந்திய இரயில்வேயை விலைக்கு வாங்கியது. வாங்கிய கையோடு, நிர்வாகத்தை இலண்டனில் பதிவான புதிய கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்தது. சொத்து நாட்டினுடையது, சாவி கம்பெனியுடையது. இந்த இரட்டை நிலையில்தான் பொன்மலை பிறந்தது. நாகப்பட்டினத்திலும் போத்தனூரிலும் சிதறிக் கிடந்த பட்டறை வேலைகளை ஓரிடத்தில் குவிப்பதற்காக, 1920களின் பிற்பகுதியில் திருச்சியின் தெற்கே அந்தப் பெரிய தொழிற்சாலையையும், நேர்நேரான தெருக்களும் ஓட்டுவீடுகளும் கொண்ட குடியிருப்பையும் எழுப்பினார்கள். புதிய இயந்திரங்கள் வந்தன. புதிய இயந்திரங்கள் வந்தால் பழைய கைகள் மிகையாகும். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பச் செலவுக் குறைப்புத் திட்டம் ஒன்று தயாரானது. யார் இருப்பது, யார் போவது என்று முடிவுசெய்யத் தொழில் தகுதித் தேர்வு என்றொரு சல்லடையும் வைத்தார்கள். ஆண்டுக்கணக்காக இஞ்சினைப் பிரித்துப் பூட்டிய ஃபிட்டர் ஒருவர், தமக்கு ஃபிட்டர் வேலை தெரியும் என்று நிரூபிக்கவேண்டும். தேர்வு நடத்திப் பிழைக்கும் நமக்கே இது சற்று மிகையாகத்தான் படுகிறது.

1928 ஜூலை 19 நள்ளிரவில் வேலைநிறுத்தம் தொடங்கியது. தலைமை தாங்கியவர்கள் ம. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும். சிங்காரவேலருக்கு அப்போது வயது அறுபத்தெட்டு. பட்டறைகளில் முன்பே மூண்டிருந்த பூசல் தூத்துக்குடி முதல் சென்னை வரை இருப்புப் பாதை நெடுகிலும் பரவியது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, சில இரயில்கள் தடம் புரண்டன, சில இடங்களில் போலீஸார் சுட்டார்கள். ஜூலை 30இல், பன்னிரண்டு நாள்கூட நிறையாமல், எல்லாம் முடிந்தது. தலைவர்கள்மீது சதி வழக்கு போடப்பட்டது. பத்தாண்டுத் தண்டனை பெற்ற சிங்காரவேலர், மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1930இல் வெளியே வந்தார். பெருமாள் என்னும் தொழிலாளருக்கு ஆயுள் தண்டனை விதித்து அந்தமானுக்கு அனுப்பினார்கள்.

இவ்வேலைநிறுத்தத்தை வீரகாவியமாக மட்டும் எழுதுவோரோடு நமக்கு உடன்பாடில்லை. பட்டறைக்காரர்களின் கோபத்தையும் ஓட்டுநர், நிலைய ஊழியர் ஆகியோரின் தயக்கத்தையும் சங்கத்தால் ஒரே கயிற்றில் முறுக்க முடியவில்லை. நீண்ட போராட்டத்துக்கு வேண்டிய நிதியும் கையில் இல்லை. தண்டவாளத்தைப் பெயர்த்தது பொதுமக்களின் பரிவை இழக்கவைத்தது. அரசுக்கு அது வாய்ப்பாயிற்று. இத்தனையும் உண்மை. ஆயினும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: கம்பெனியின் முதலுக்கு அரசு வட்டி உறுதி அளிக்கலாம் என்றால், அதே கம்பெனியில் உழைத்தவனின் வேலைக்கு ஏன் ஓர் உறுதியும் இல்லை? சிங்காரவேலர் கேட்டதன் சாரம் இதுவே என்று நாம் புரிந்துகொள்கிறோம்.

1944 ஏப்ரல் முதல் நாள் கம்பெனி விலகி, நிர்வாகமும் அரசின் கைக்கு வந்தது. இனிமேலாவது நிலை மாறும் என்று தொழிலாளர் நம்பியிருக்கக்கூடும். 1946 ஆகஸ்ட் 24இல் மீண்டும் வேலைநிறுத்தம். மு. கல்யாணசுந்தரமும் க. அனந்த நம்பியாரும் தலைமையில் இருந்தார்கள். இருவரும் பின்னாளில் திருச்சியின் மக்களவை உறுப்பினர்களாயினர். செப்டம்பர் 2இல் நேருவின் இடைக்கால அரசு பதவியேற்றது. மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 5இல், மலபார் சிறப்புப் போலீஸ் பொன்மலையில் சுட்டது. ஐந்து தொழிலாளர் மாண்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் பொன்மலை சங்கத் திடலில் செங்கொடி ஏற்றுகிறார்கள். கம்பெனி போய் அரசு வந்தால் மட்டும் தொழிலாளிக்கு உத்தரவாதம் வந்துவிடாது என்பதை நம் ஊர் விடுதலைக்கு முன்பே கற்றுவிட்டது.

இனிக் கார்களுக்கு வருவோம். தமிழகத்துக்கென்று ஒரு கார் இருந்தது என்பதே இன்றைய மாணவர்களுக்குத் தெரியாது. 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, சென்னையை அடுத்த பெருங்களத்தூர்–வண்டலூர்ப் பக்கத்து ஆலையிலிருந்து ஹெரால்டு காரைத் தந்தது. மருத்துவரும் வக்கீலும் அதில் வந்திறங்கிய காலம் ஒன்று இருந்தது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய காரை வெளியிட்டார்கள். உடல் பிரிட்டனின் ரோவர், இதயமோ பழைய வான்கார்டு காலத்து இஞ்சின். பெட்ரோலைக் குடித்தது, விலையும் மிகுதி. இரண்டு மூன்று ஆண்டுகளில் உற்பத்தி நின்றது. அதை மீட்க யாரும் வரவில்லை. ஆலை நின்ற நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளும் அலுவலகங்களும் நிற்கின்றன.

அதே காலத்தில் வடக்கே வேறொரு கதை. சஞ்சய் காந்தி 1971இல் தொடங்கிய மாருதி கம்பெனி, விற்கத்தக்க கார் ஒன்றைக்கூடத் தராமலே நொடித்தது. 1980இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அதை அரசுடைமை ஆக்கியது. 1982இல் சுசுகியோடு ஒப்பந்தம், 1983 டிசம்பரில் முதல் கார். பின்னர் நடந்தது ஊரறிந்தது. இதைக் காட்டி மீட்புக்கு வாதாடுவோர் உண்டு. மீட்கப்பட்டது உண்மையில் கம்பெனி அன்று, நிலமும் பெயரும்தான். காரும் தொழில்நுட்பமும் ஜப்பானிலிருந்து வந்தன. தகுதியை மட்டும் பார்த்தால் ஸ்டாண்டர்டுக்கு முப்பதாண்டு உற்பத்தி அனுபவம் இருந்தது; மாருதிக்கு இருந்தது செல்வாக்கு. 'தகுதியுடையதா' என்று கேட்டுக்கொண்டு எந்த அரசும் கம்பெனிகளைக் காப்பாற்றுவதில்லை என்பது நம் எண்ணம். இலண்டன் முதலீட்டாளரையும் அப்படிக் கேட்டுப் பார்க்கவில்லை.

டெட்ராய்ட்டுக்குத் திரும்புவோம். 2008 டிசம்பர் 11 இரவு மேலவையில் மீட்பு மசோதா கவிழ்ந்தது. கவிழ்த்த காரணம் கவனிக்கத்தக்கது: தொழிலாளரின் ஊதியத்தை 2009ஆம் ஆண்டுக்குள்ளேயே ஜப்பானியக் கம்பெனிகளின் அமெரிக்க ஆலைகளில் உள்ள அளவுக்குக் குறைக்கவேண்டும் என்று குடியரசுக் கட்சியினர் சிலர் கேட்டனர்; சங்கம் 2011 வரை தவணை கோரியது. அதே மாதம் வங்கிகளுக்குப் பெருநிதி போய்க்கொண்டிருந்தது. வங்கி அலுவலரின் ஊதியத்தை யாரும் இவ்வளவு நுணுக்கமாக அளக்கவில்லை. டிசம்பர் 19இல் புஷ் 1,740 கோடி டாலரை ஒதுக்கினார். 2009 ஏப்ரல் 30இல் கிரைஸ்லரும் ஜூன் 1இல் ஜெனரல் மோட்டார்ஸும் திவால் நீதிமன்றம் சென்று மீண்டன. மொத்தத்தில் ஏறக்குறைய 8,000 கோடி டாலர் இறங்கியது. 2013 இறுதியில் அரசு தன் கடைசிப் பங்கை விற்றபோது, ஜெனரல் மோட்டார்ஸில் மட்டும் கிட்டத்தட்ட 1,100 கோடி டாலர் இழப்பு. இலட்சக்கணக்கான வேலைகளுக்கு அது மலிவான விலை என்றே நாம் கருதுகிறோம்.

ஆனால் அவ்விலையில் ஒரு பங்கைச் சங்கம் செலுத்திய விதம் நமக்கு உறுத்துகிறது. ஓய்வு பெற்றோரின் மருத்துவ நிதிக்கு ரொக்கத்துக்குப் பதில் பெருமளவு பங்குகளை ஏற்றது. 2015 வரை ஊதியத்துக்காக வேலைநிறுத்தம் செய்வதில்லை என்றும் ஒப்பியது. இவை தியாகங்கள். புதிதாகச் சேர்வோருக்கு மூத்தவரின் ஊதியத்தில் ஏறத்தாழப் பாதியே என்று 2007இலேயே இசைந்த இரண்டடுக்கு முறை இன்னும் இறுகியதைத் தியாகம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அந்த மேசையில் இல்லாதவர்களின் சோற்றை எடுத்து வைத்துக் கொடுத்த உடன்பாடு அது. அந்த இரட்டை அடுக்கைத் தகர்க்க 2023இல் ஆறு வாரம் போராடவேண்டியிருந்தது. நம் சங்கங்களும் இந்தக் குற்றத்துக்கு விலக்கல்ல. நிரந்தரத் தொழிலாளிக்குப் போனஸ் பேசும் அறையின் வாசலில் அதே வேலையைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி நிற்பதை எத்தனை ஊர்களில் பார்க்கிறோம்!

டெட்ராய்ட்டில் அந்த மீட்பு நிதியைத் தொடாமல் பெருமை பெற்ற ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர்த் தொழிலாளர் இழப்பீட்டுத் தொகைக்காகப் போராடினர். 2022இல் ஆலை ஓய்ந்தது. 2024இல் ஏற்றுமதிக்காக மீண்டும் திறக்க விருப்பக் கடிதம் கொடுத்தார்கள். ஆலையைத் திரும்பத் திறக்கலாம். இடையில் நாற்பது வயதைக் கடந்துவிட்டவன் எந்த வாசலில் போய் நிற்பான்?

சட்டம் சற்று நகர்ந்திருக்கிறது என்பதையும் மறைக்கக்கூடாது. 1985வரை, நொடித்த கம்பெனியின் சொத்தில் அடமானம் வைத்திருந்த வங்கி எடுத்தது போகத்தான் தொழிலாளிக்கு. அவ்வாண்டுத் திருத்தம் இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. 2016இன் திவால் சட்டம் இருபத்துநான்கு மாத நிலுவைக்கு அந்த இடத்தைத் தக்கவைத்திருக்கிறது. அறுபதாண்டுப் போராட்டத்தில் கிட்டியது, கம்பெனி செத்தபின் சாவுச் சொத்தில் ஒரு பங்கு. கம்பெனி உயிரோடு தள்ளாடும்போது, அதை எப்படி நிமிர்த்துவது என்னும் பேச்சில் தொழிலாளிக்கு நாற்காலி இல்லை. அரசு பணம் போடுகிறதென்றால் அந்த நாற்காலியை முதல் நிபந்தனையாக வைக்கவேண்டும்; அதில் அமரும் சங்கமும் ஒப்பந்தக்காரர்களுக்கும் சேர்த்துப் பேசவேண்டும்.

திண்ணையில் அந்த வாக்கியத்தைச் சொன்ன பெரியவரைப் பல மாதம் கழித்து ஸ்ரீரங்கம் நிலைய நடைமேடையில் பார்த்தோம். பல்லவன் தாமதம் என்பதால் பேச நேரம் கிடைத்தது. பட்டறை நாகப்பட்டினத்திலிருந்து மாறியபோது அவருடைய தகப்பனார் பொன்மலைக்கு வந்துவிட்டாராம், பெரியப்பா வரவில்லை. அங்கேயே தங்கி, துறைமுகத்தில் மூட்டை தூக்கியிருக்கிறார். "அப்பாவுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ், பாஸ், எல்லாம் இருந்தது சார். பெரியப்பாவுக்கு எதுவும் இல்லை. ஆனா ரெண்டு பேரும்தான் சங்கத்துக்குச் சந்தா கட்டினாங்க."