கடலில்லாத துறைமுகமும் கேட்கப்படாத கேள்வியும்

துறைமுகம் என்றதும் நமக்குக் கடலும் கப்பலும் நினைவுக்கு வரும். ஆனால் கடலே எட்டாத ஊர்களிலும் இன்று துறைமுகங்கள் உண்டு. கப்பலில் வந்த கொள்கலன் பெட்டிகளை ரயிலிலோ லாரியிலோ உள்நாட்டுக்குக் கொண்டுவந்து, அங்கே சுங்கச் சோதனை, பிரித்தல், சேமித்தல், மறுபடி ஏற்றுதல் ஆகிய வேலைகளைச் செய்யும் இடத்தை உள்நாட்டுத் துறைமுகம் என்கிறார்கள். உலர் துறைமுகம் என்றும் சொல்வதுண்டு. பெயரில்தான் துறை இருக்கிறது. நேரில் பார்த்தால் கிடங்குகள், தண்டவாளங்கள், லாரிகள், அவற்றுக்காக ஏக்கர் கணக்கில் போட்ட கான்கிரீட் தரை, இவ்வளவுதான்.

இத்தகைய இடங்கள் சுற்றுச்சூழல் ஆய்விலிருந்து எப்படி விலக்குப் பெறுகின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள். எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தை எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு வகை விலக்கு

விலக்கு இரண்டு வகைப்படும். 'இந்தச் சட்டம் இன்ன திட்டத்துக்குப் பொருந்தாது' என்று வெளிப்படையாக எழுதி வைப்பது ஒன்று. இதை எதிர்ப்பது எளிது. எழுதியதைக் காட்டிக் கேள்வி கேட்கலாம். ஆய்வு செய்யும் பொறுப்பை எவருக்குமே கொடுக்காமல் விடுவது மற்றொன்று. யூட்டாவில் நடந்தது பெரும்பாலும் இரண்டாவது வகை என்பது என் கருத்து.

அமெரிக்காவின் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் 1970ஆம் ஆண்டின் முதல் நாள் கையெழுத்தானது. ஆனால் கூட்டாட்சி அரசு தானே செய்கிற, பணம் தருகிற அல்லது அனுமதி தருகிற திட்டங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். மாநில, நகர அளவிலான திட்டங்களுக்காகக் கலிபோர்னியா 1970லும் வாஷிங்டன் மாநிலம் 1971லும் தமக்கென்று தனிச் சட்டம் இயற்றிக்கொண்டன. யூட்டாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அங்கே ஒரு பெரிய கட்டுமானத்தைத் தடுத்து நிறுத்தி 'இதனால் என்ன ஆகும்?' என்று கேட்கும் இடம் நகரசபையின் நிலப்பயன்பாட்டுத் திட்டம் ஒன்றுதான்.

2018ஆம் ஆண்டுச் சட்டம்

அந்த ஓர் இடத்தையும் 2018 மார்ச்சில் சட்டமன்றம் சுருக்கியது. ஆளுநர் கேரி ஹெர்பர்ட் கையெழுத்திட்ட சட்டத்தின்படி யூட்டா உள்நாட்டுத் துறைமுக ஆணையம் பிறந்தது. சால்ட் லேக் சிட்டியின் வடமேற்கு மூலையில் சுமார் 16,000 ஏக்கர் அதன் எல்லைக்குள் வந்தது. நிலமதிப்பு உயர்வதால் கிடைக்கும் கூடுதல் சொத்துவரியில் பெரும்பங்கு ஆணையத்துக்குச் சென்றது. துறைமுகத்துக்குத் தேவையான பயன்பாடுகளை, இயற்கை வளங்களை இறக்கி வைப்பது உட்பட, நகரம் தன் விதிகளில் அனுமதித்தே ஆகவேண்டும் என்றும் சட்டம் சொன்னது. அந்த 'இயற்கை வளம்' என்ற சொல்லுக்குள் நிலக்கரியும் ஒளிந்திருக்கிறதோ என்று மக்கள் அஞ்சினார்கள்.

மேயர் ஜாக்கி பிஸ்குப்ஸ்கி 2019இல் வழக்குத் தொடுத்தார். நிலப்பயன்பாடு குறித்த விதிகள் மாநில அரசியல் சட்டத்துக்கு முரணானவை அல்ல என்று யூட்டா உச்சநீதிமன்றம் 2022 ஜூனில் தீர்ப்பளித்தது. மாநிலத்தின் அதிகாரத்திலிருந்துதான் நகரம் பிறக்கிறது, கொடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம் என்பது அமெரிக்கச் சட்ட மரபு. ஆனால் எடுத்துக்கொண்டவர் அதனோடு சேர்ந்த கடமையையும் ஏற்றாரா?

ஏரியும் காற்றும்

அந்த நிலம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால்தான் இக்கேள்வியின் கனம் புரியும். அருகே இருப்பது பெரிய உப்பேரி. பேர், வீபர், ஜோர்டான் ஆகிய மூன்று ஆறுகள் அதில் வந்து சேர்கின்றன, வெளியேற வழியில்லை. 2022 நவம்பரில் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,188.5 அடி என்ற அளவுக்கு இறங்கியது. பதிவுகளிலேயே மிகக் குறைந்த மட்டம் அதுதான். வறண்ட ஏரிப்படுகையின் தூசியில் ஆர்செனிக் இருக்கிறது. கரையோரச் சதுப்புகள் ஆண்டுதோறும் பல இலட்சக்கணக்கான வலசைப் பறவைகளுக்கு உணவும் ஓய்வும் தருகின்றன.

காற்றின் கதை வேறு. மலைகளுக்கு இடையிலான கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு அது. குளிர்காலத்தில் மேலே வெப்பக் காற்று மூடிபோல் நின்றுவிட, கீழே குளிர்ந்த காற்றும் புகையும் நாட்கணக்கில் தேங்கிவிடும். நுண்துகள் மாசில் கூட்டாட்சியின் தரத்தை எட்டத் தவறிய பகுதியாக அது அறிவிக்கப்பட்டிருந்தது. அங்கே டீசல் லாரிகள் பெருகினால் அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் நகரின் மேற்குப் பக்கத்தில் வாழும் லத்தீன் அமெரிக்க, பசிபிக் தீவுக் குடும்பங்கள்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஏரி வற்றுவதற்குக் கிடங்குகள் முதற்காரணம் அல்ல. ஆற்றுநீரில் பெரும்பகுதி விவசாயத்துக்கு, குறிப்பாக மாட்டுத்தீவனத்துக்குத் திருப்பப்படுவதே பெரிய காரணம். வடமேற்கு மூலையில் தொழிற்சாலைகளை அனுமதிக்க நகரமே முன்பு திட்டமிட்டிருந்தது. சரக்கு ரயிலுக்கு மாறினால் நெடுந்தூர லாரிகள் குறையக்கூடும். இவை எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவற்றைச் சோதித்துப் பார்ப்பதற்குப் பெயர்தானே ஆய்வு? இலாபக்கணக்கை மட்டும் தாளில் எழுதிவிட்டு நட்டக்கணக்கை ஊகத்துக்கு விடுவது முறையல்ல.

துண்டு துண்டாக

2023க்குப் பிறகு ஆணையம் தன் பணியை மாநிலமெங்கும் விரித்தது. ஏரியைச் சுற்றியுள்ள டூவெல்லா, பாக்ஸ் எல்டர், வீபர் ஆகிய மாவட்டங்களிலும் தனித்தனித் 'திட்டப் பகுதிகள்' அறிவிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் தன்னளவில் சிறியது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு. ஆனால் ஏரி ஒன்றே, காற்றும் ஒன்றே. பத்துக் கோப்புகளையும் ஒரு மேசையில் பரப்பி, மொத்தத்தில் என்ன ஆகும் என்று பார்க்கும் கடமை எவருக்கும் இல்லை. பிராந்திய அளவிலான ஆய்வு இதற்காகத்தான் தேவைப்படுகிறது.

கூட்டாட்சிப் பாதுகாப்பும் இதே காலத்தில் மெலிந்தது. 2023 மே மாதம் அமெரிக்க உச்சநீதிமன்றம் சாக்கெட் வழக்கில், ஆறு ஏரிகளோடு மேற்பரப்பில் தொடர்ச்சியாக இணைந்த ஈரநிலங்களுக்கே தூயநீர்ச் சட்டம் பொருந்தும் என்றது. 2025 மே மாதம் யூட்டாவின் யூயின்டா பள்ளத்தாக்கில் திட்டமிடப்பட்ட 88 மைல் எண்ணெய் ரயில்பாதை வழக்கில், அந்தப் பாதையால் பெருகக்கூடிய எண்ணெய்க் கிணறுகளையும் சுத்திகரிப்பையும் ஆய்வில் கணக்கிட வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. திட்டத்தை மட்டும் பார், அது திறந்துவிடும் கதவைப் பாராதே என்பதே இதன் சாரம்.

வேறு வழி

கலிபோர்னியாவின் தென்கடற்கரைக் காற்றுத்தர மாவட்டம் 2021 மே மாதத்தில் ஒரு விதி இயற்றியது. 1,00,000 சதுர அடிக்கு மேற்பட்ட கிடங்குகள், தம்மிடம் வந்துபோகும் லாரிகளின் புகைக்கும் பொறுப்பேற்க வேண்டும். மின்லாரி, சூரியமின் தகடு போன்றவற்றால் புள்ளிகள் சேர்க்கலாம், இயலாதவர்கள் கட்டணம் செலுத்தலாம். கிடங்குகள் மூடிவிடவில்லை; சரக்கும் நின்றுவிடவில்லை.

ஆய்வு என்பது தடை அல்ல. அது ஒரு கேள்வியும், அதற்கு எழுத்தில் தரப்படும் பதிலும்தான். பதிலைப் படித்தபிறகும் 'கட்டுவோம்' என்று மக்கள் பிரதிநிதிகள் முடிவெடுக்கலாம். அப்போது குறைந்தபட்சம் தெரிந்தே எடுத்த முடிவாக இருக்கும். வற்றிய ஏரியை எந்தக் கூடுதல் வரியாலும் விலைக்கு வாங்க இயலாது. அதனால்தான் கேள்வியை அடித்தளம் போடுவதற்கு முன்பே கேட்கவேண்டும் என்கிறேன்.