1867: இரண்டு பந்திகள்

வடலூர் தருமச்சாலையில் நீங்களும் சாப்பிட்டிருப்பீர்கள். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த வள்ளலார் அதைத் தொடங்கியது 1867 மே 23. ஊர்மக்கள் கொடுத்த 80 காணி நிலம். சாதி, மதம் கேட்காமல் பசித்தவர்களுக்கெல்லாம் சோறு. முந்தைய ஆண்டுதான் சென்னை மாகாணத்தில் பஞ்சம்.

பதினைந்தே நாளில், ஜூன் 7 அன்று, பாரிஸ் மாநகரின் 'கஃபே ஆங்லே' உணவகத்தில் ரஷ்யச் சக்கரவர்த்தியும் பிரஷ்ய மன்னரும் விருந்துக்கு உட்கார்ந்தார்கள். பதினாறு சுற்றுப் பதார்த்தம், எட்டு வகை ஒயின், எட்டு மணி நேரம். ஆளுக்கு 400 பிராங்க் என்கிறார்கள். (வங்கிக் குமாஸ்தாவுக்குக் கண் அங்கேதான் போகும்!)

அந்த உணவகம் 1913இல் மூடப்பட்டது. வடலூரில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அரிசி கொடுப்பவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான். தைப்பூசத்துக்குப் போகும்போது, நம் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு படி சேர்த்துக் கொண்டுபோகலாமே?